தாழையூத்துக் கடலுக்கு மண் கொடுத்த மலை எது?

திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்து மதுரை ரோட்டில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் தாழையூத்து வந்துவிடும். 1949-இல் அங்கே சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. ஆலை அங்கே வந்ததற்குக் காரணம் காலடியிலேயே கிடந்த சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் கற்கண்டு மாதிரி மின்னும். அரியலூர்க் கல்லில் சங்கும் சிப்பியும் கை நிறைய அள்ளலாம்; இதில் ஒன்றுகூடக் கிடைக்காது. இது வெந்த கல். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் கிடந்து, பழைய உருவம் முழுக்க அழிந்து, புதிதாகப் படிகம் பிடித்த கல். அங்கங்கே பச்சையாகத் தெரிவது டயோப்சைட் என்ற தாது. சுண்ணாம்போடு கொஞ்சம் மணலும் கலந்திருந்து இரண்டும் சேர்ந்து வெந்ததற்கு அதுதான் அடையாளம்.

அந்த ஊர்ப் பக்கம் குவாரியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இது கடல் கல்லுன்னு சொல்லுதீயளே, அப்போ கரை எங்க இருந்துச்சு?" ஜியாலஜி படித்த எனக்கு அதைவிட நல்ல கேள்வியை யாரும் வகுப்பில் கேட்டதில்லை. சுண்ணாம்பு இவ்வளவு படிந்திருந்தால் அங்கே ஒரு கடல் இருந்திருக்க வேண்டும். கடலுக்குக் கரை உண்டு, கரைக்கு மணல் கொண்டுவந்த ஆறு உண்டு, ஆறு புறப்பட்ட மலையும் உண்டு. அந்த மலை எது? பொதிகையா? இல்லை. அந்தக் கடல் இருந்த காலத்தில் பொதிகை இல்லை. பொதிகையின் பாறையில் ஒரு பகுதியே அந்தக் காலத்துப் படுகைகளில் படிந்த சேறும் மணலும்தான்.

அந்த மலையைத் தேடுவதுதான் இந்த ஆய்வு.

முதல் சிக்கல், சுண்ணாம்புக்கல் எதையும் சொல்லாது. கடல் நீரில் கரைந்திருந்த கால்சியம் படிந்து உண்டானது அது. மலையில் இருந்து உருண்டு வந்த துகள் அதில் மிகக் குறைவு. சாட்சி அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. அதே படுகையில் மணலாகப் படிந்தது இறுகி வெந்து குவார்ட்சைட் ஆனது. களிமண்ணாகப் படிந்தது கார்னெட், சில்லிமனைட் என்ற தாதுக்கள் நிறைந்த கோண்டலைட் வகைப் பாறை ஆனது. இந்த இரண்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிர்கான் துகள்கள் இருக்கின்றன. ஆய்வுக்குத் தேவை அவைதான்.

சிர்கான் என்பது சிர்க்கோனியம் சிலிகேட். குவார்ட்ஸைவிடக் கடினம், எடை அதிகம், எளிதில் கரையாது. கிரானைட் குழம்பு உறையும்போது பிறக்கிறது. மலை கரைந்தாலும் இது கரையாமல் ஆற்றோடு போகும், கடலில் படியும், பாறையோடு வேகும், மறுபடி மலையாக எழும்பி மறுபடி ஆற்றில் விழும். இத்தனைக்குப் பிறகும் பிறந்த தேதி அதற்குள் இருக்கும். பிறக்கும்போது அது யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் சேர்த்துக்கொள்கிறது, ஈயத்தை அநேகமாகச் சேர்ப்பதில்லை. ஆகையால் இன்று அதற்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டு ஆகும். அது ஈயம்-206 ஆகிறது. யுரேனியம்-235-க்கு 70.4 கோடி ஆண்டு போதும். அது ஈயம்-207 ஆகிறது. ஒரே துகளுக்குள் வேறுவேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. மற்ற காலக்கணிப்பு முறைகளில் பலவற்றுக்கு இந்த உள்தணிக்கை வசதி கிடையாது.

துகளின் வயதை வைத்துப் பாறையின் வயதைச் சொல்லிவிடக் கூடாது. செய்தித்தாள்களில் அடிக்கடி இந்தத் தவறு வரும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டுச் சிர்கான் கிடைத்ததாக 2001-இல் அறிவித்தார்கள். ஆனால் அந்தத் துகளைத் தாங்கி நிற்கும் கூழாங்கல் பாறை படிந்தது சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன்புதான். இடையில் 140 கோடி ஆண்டு அந்தத் துகள் எங்கெங்கோ அலைந்திருக்கிறது. பாட்டியின் வளையலை உருக்கிப் பேத்திக்குத் தோடு செய்தால் தங்கம் பழசு, தோடு புதுசு, இல்லையா? அதே கதைதான்.

நெல்லைச் சீமையை இந்த ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வடமேற்கில் இருந்து தென்கிழக்காக, பாறைகள் அழுந்தி நழுவிய ஒரு நீண்ட தழும்பு ஓடுகிறது. அச்சன்கோவில் மண்டலம் என்று பெயர். கேரளத்து அச்சன்கோவில் பக்கம் இருந்து தென்காசி, அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரத்தைக் கடந்து நம் சமவெளிக்குள் இறங்குகிறது. அதற்குத் தெற்கே உள்ள பாறைக் கூட்டத்தைத் திருவனந்தபுரம் தொகுதி என்பார்கள். அதற்கும் தெற்கே நாகர்கோவில் தொகுதி. வடக்கே மதுரைத் தொகுதி. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மலை, ஒரே காடு. பாறையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

கதையைச் சொல்ல வைப்பதில் பாதி வேலை சமையலறை வேலை. ஐந்து பத்து கிலோ பாறையை நொறுக்கிச் சலிக்க வேண்டும். பிறகு அரிக்க வேண்டும். சோற்றுக்கு முன் அரிசியில் கல்லரிப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் ஆட்டி ஆட்டி அரிசியை மேலோடு சாய்த்து எடுத்தால் கல் அடியில் தங்கும். இங்கே நமக்கு வேண்டியது அந்தக் கல். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, சிர்கானுக்கு 4.6-க்கு மேல். அடுத்து புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் போட்டால், அதன் அடர்த்தி சுமார் 2.89 என்பதால், குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் மிதக்கும், கனமானவை மூழ்கும். மேக்னடைட்டைச் சாதாரணக் காந்தமே இழுத்துவிடும். இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாவற்றையும் மின்காந்தம் படிப்படியாகப் பிரிக்கும். காந்தத்துக்கு மசியாமல் கடைசியில் மிஞ்சுவது சிர்கான்.

இதில் நானே செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை சல்லடையைச் சரியாகத் துலக்காமல் அடுத்த மாதிரியைப் போட்டுவிட்டேன். உருண்டு தேய்ந்த துகள்களுக்கு நடுவே, அப்போதுதான் பட்டை தீட்டியது போல, முனை மழுங்காத ஒரு நீளப் படிகம். பெரிய கண்டுபிடிப்பு என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அது முந்தைய வாரம் அரைத்த கிரானைட்டின் துகள். அன்றில் இருந்து ஒவ்வொரு மாதிரிக்கு நடுவிலும் சல்லடையைத் தண்ணீரில் அலசி, பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

பொறுக்கும் கையும் ஏமாற்றும். நீளமாக, தெளிவாக, அழகாக இருப்பதைத்தான் ஊசிமுனை தேடிப் போகும். தேய்ந்து மங்கியவை, அதாவது தூரத்தில் இருந்து வந்திருக்கக்கூடியவை, தட்டிலேயே கிடக்கும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு அள்ளுவதே நல்லது. எத்தனை துகள்? மணலில் 20-இல் ஒரு பங்கு ஒரு குறிப்பிட்ட மலையில் இருந்து வந்ததாக வைத்துக்கொள்வோம். 60 துகள் அளந்தால் அந்த மலையை முழுக்கத் தவறவிடும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும். அது அந்த ஒரு மலைக்கு மட்டுமான கணக்கு. இப்படிப் பல சிறு பங்குகள் கலந்திருந்தால் நூற்றுக்கு மேல் வேண்டும். இருபது துகளை அளந்துவிட்டு "இந்த வயது இங்கே இல்லை" என்று எழுதுவதை நான் நம்புவதில்லை.

துகள்களைப் பிசினில் பதித்து, பாதி வரை தேய்த்து, எலக்ட்ரான் கற்றையின் கீழ் வைத்தால் உள்ளே இருப்பது ஒளிரும். நம் பக்கத்துச் சிர்கானில் அநேகமாக இரண்டு பகுதி தெரியும். நடுவில் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக ஒரு கரு. சுற்றிலும் வரி எதுவும் இல்லாத மங்கலான ஓரம். கரு, பழைய ஏதோ ஒரு மலையின் கிரானைட்டில் பிறந்தது. ஓரம், படுகையில் படிந்த பிறகு பாறை வெந்தபோது மேலே பூசிக்கொண்டது. வயதை அளக்க லேசரால் சுடும் குழி 20 முதல் 35 மைக்ரான், தலைமுடியின் பாதித் தடிமன் இருக்கும். குறி தவறிக் குழி கருவிலும் ஓரத்திலும் பாதிப்பாதி விழுந்தால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். கருவுக்கு 200 கோடி, ஓரத்துக்கு 55 கோடி, இரண்டிலும் யுரேனியம் சம அளவு என்று வைத்துக்கொள்வோம். 200 கோடி ஆண்டுப் பகுதியில் ஈயம்-206-க்கும் யுரேனியம்-238-க்கும் உள்ள விகிதம் 0.364, 55 கோடிப் பகுதியில் 0.089. சராசரி 0.2265. அதை வயதாக மாற்றினால் 132 கோடி வரும். இன்னொரு கடிகாரத்தில், அதாவது ஈயம்-207-க்கும் யுரேனியம்-235-க்கும், விகிதங்கள் 6.17, 0.72, சராசரி 3.44, வயது 151 கோடி. அதாவது ஒரு கடிகாரம் 132 என்கிறது, மற்றது 151 என்கிறது. இரண்டும் பொய். 132 கோடியிலும் எதுவும் நடக்கவில்லை, 151 கோடியிலும் எதுவும் நடக்கவில்லை. ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் பார்த்தவர் இல்லாத ஒரு மலைத்தொடரை உலக வரைபடத்தில் வரைந்துவிடுவார். படம் எடுக்காமல் லேசரை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுகிற மாதிரி.

சரி, சரியாகச் சுட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஓரங்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடுகின்றன: சுமார் 58 முதல் 51 கோடி ஆண்டு. அச்சன்கோவிலுக்கு வடக்கோ தெற்கோ, இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் மோதிச் சேர்ந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஆன காலம் அது. அந்த மோதலில்தான் தாழையூத்துக் கல்லும் வெந்தது. ஆகவே ஓரத்தை வைத்து எந்த மலை என்று சொல்ல முடியாது; எல்லோரும் ஒரே அடுப்பில் வெந்தவர்கள்.

வித்தியாசம் கருவில் இருக்கிறது. தெற்கே திருவனந்தபுரம் தொகுதியின் வெந்த படிவுகளில் கருக்கள் எல்லாம் மிகப் பழையவை. ஏறக்குறைய 180 கோடியில் தொடங்கி 300 கோடிக்கும் மேலே போகின்றன. வடக்கே, மதுரைத் தொகுதியின் தென்பகுதியில், 100 கோடியை ஒட்டியும் அதற்குக் கீழும் வரும் இளைய கருக்கள் கலந்திருக்கின்றன. இந்த ஒரு வேறுபாடு பெரிய செய்தி. ஒரு படுகையில் 90 கோடி ஆண்டுத் துகள் கிடக்கிறது என்றால் அந்தப் படுகை 90 கோடிக்குப் பிறகுதான் நிரம்பியிருக்க வேண்டும். பிறக்காத பிள்ளையை யாரும் ஆற்றில் விட முடியாது. வெந்தது 55 கோடியில். ஆக வடக்குப் படுகை நிரம்பிய காலம் இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது. தெற்கில் அப்படி இறுக்கிப் பிடிக்க முடியாது. இளைய கருவுக்கும் ஓரத்துக்கும் நடுவே நூறு கோடிக்கு மேற்பட்ட ஆண்டு இடைவெளி விழுகிறது. படிவைக் குறுக்கே வெட்டி நுழைந்த கிரானைட்டின் வயதைப் பிடித்தால் அந்த இடைவெளி சுருங்கும். இதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. தெற்குப் படுகை பழையது என்று சொல்பவர்கள் பக்கம்தான் என் சாய்வு, ஏனென்றால் இளைய கருக்கள் இல்லாமையை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

இளைய கருக்களுக்குத் தாய்மலை எது? கையருகில் இருப்பது வடக்கே கர்நாடகத்துத் தார்வார் நிலம். ஆனால் அதன் பாறைகளில் பெரும்பகுதி 250 கோடிக்கும் மேல் பழையது. 100 கோடி ஆண்டுத் துகளை அது கொடுக்க முடியாது. தன்னிடம் இல்லாததை எப்படிக் கொடுக்கும்? அந்த வயதுக் கிரானைட்டுகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலும், 80 கோடியை ஒட்டியவை மடகாஸ்கரிலும் கிடக்கின்றன. மதுரைத் தொகுதிக்குள்ளேயே 80 கோடி வயதுக் கிரானைட்டுகள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அண்ணாச்சி, கரை மேற்கே இருந்திருக்கலாம். இன்னைக்கு அந்தக் கரையைப் பார்க்கணும்னா கப்பல் ஏறணும்." மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்புதான், அதுவரை பக்கத்து வீடு. அவர் சிரித்துவிட்டு, "அப்போ நம்ம ஊருச் சிமெண்டு வெளிநாட்டுச் சரக்கா?" என்றார். சிமெண்டுக்குப் போகும் சுண்ணாம்பு உள்ளூர்க் கடல் நீரில் விளைந்தது, அதன் பக்கத்து மணல்தான் வெளியூர் என்று திருத்திச் சொன்னேன்.

மோனசைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1909-இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அடையாளம் காணப்பட்டதில் இருந்து தென்கோடியின் பெயரை உலகத்துக்குச் சொன்ன தாது அது. தோரியம் நிறைய இருப்பதால் சிதைந்து வரும் ஈயமும் நிறைய. நுண்ணாய்வுக் கருவி ஒன்றாலேயே தோரியம், யுரேனியம், ஈயம் மூன்றையும் அளந்து வயது போட்டுவிடலாம். மலிவு, வேகம். ஆனால் நம் பக்கத்துப் பாறை வெந்த சூட்டில் பழைய மோனசைட் பெரும்பாலும் கரைந்து புதிதாக வளர்ந்துவிட்டது. ஆகவே அது சொல்வது பெரும்பாலும் அந்த 55 கோடிக் கதையைத்தான். மோனசைட் சமையல் எப்போது நடந்தது என்று சொல்லும். அரிசி எந்த ஊரில் விளைந்தது என்பதற்குச் சிர்கானின் கருவிடம்தான் போக வேண்டும்.

அப்புறம், ஆற்றுக்கு வருவோம். பாறையை உடைப்பதற்குப் பதிலாக ஆற்று மணலை அள்ளினால் மலை முழுவதையும் ஒரே பையில் பிடித்துவிடலாமே என்று தோன்றும். தோன்ற வேண்டியதுதான். தாமிரபரணியின் தலைப்பகுதி பொதிகையில், அச்சன்கோவில் மண்டலத்துக்குத் தெற்கே. சிற்றாறு குற்றால மலையில் புறப்பட்டு, அந்த மண்டலத்தையும் அதற்கு வடக்கில் இருந்து வரும் ஓடைகளையும் வாங்கிக்கொண்டு, கங்கைகொண்டான் வழியாக வந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. இயற்கையே கட்டிவைத்த சோதனைச்சாலை. கூடுமிடத்துக்கு மேலே தாமிரபரணியில் ஒரு பை, சிற்றாற்றில் ஒரு பை, கூடிய பிறகு கீழே ஒரு பை. முதல் பையில் பழைய கருக்கள் மட்டும், இரண்டாவதில் 100 கோடிக்குக் கீழானவையும் சேர்ந்து, மூன்றாவதில் இரண்டின் கலவை என்று வந்தால் மேலே சொன்ன வேறுபாட்டுக்கு ஆறே கையெழுத்துப் போடும்.

ஆனால் ஆறு அவ்வளவு நேர்மையான சாட்சி அல்ல. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் மேல்மலையின் பருமணலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அணைக்குக் கீழே நாம் அள்ளுவதில் கணிசமான பங்கு சமவெளிக் கரைகளில் இருந்து அரித்து வந்த பழைய வண்டல். மலையின் ஒவ்வொரு பாறையும் ஒரே அளவு சிர்கானைக் கொடுப்பதும் இல்லை. சுண்ணாம்பு கொடுக்கவே கொடுக்காது. சிர்கான் மிகுந்த ஒரு சின்னக் கிரானைட் குன்று, பத்து மடங்கு பெரிய சுண்ணாம்பு மேட்டின் குரலை அமுக்கிவிடும். தாழையூத்துப் பக்கத்து ஓடை மணலை மட்டும் அளந்துவிட்டு "இங்கே சுண்ணாம்பே இல்லை" என்று ஒருவர் எழுதினால், முறைப்படி அவர் தப்புச் செய்யவில்லை!

கடற்கரை மணல் இன்னும் மோசம். அலை தானே பெரிய அரிப்புக்காரன். இலேசானதை இழுத்துக்கொண்டு, கனமானதைக் கரையில் கருப்பும் சிவப்புமாகக் கோடு போட்டு வைக்கும். கன்னியாகுமரியில் பொட்டலம் கட்டி விற்கிற பல நிற மணல் அதுதான். பகவதி அம்மனின் கல்யாணம் நின்றுபோக, சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது அதற்கு ஊர் சொல்லும் கதை. சிவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட் என்று நாம் சொன்னாலும் பொட்டலம் வாங்குகிறவர்களுக்கு அம்மன் கதைதான் பிடிக்கிறது. அந்த மணலில் ஒரு கைப்பிடியிலேயே ஆயிரக்கணக்கில் சிர்கான் கிடைக்கும். எந்த ஆறு கொடுத்தது, எவ்வளவு தூரம் கரையோரமாக நகர்ந்தது என்பதை மட்டும் அது சொல்லாது.

திருச்செந்தூருக்குப் பக்கத்துக் குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி, இடையன்குடித் தேரி ஆகிய மணல்மேடுகளின் செம்மணலுக்கும் இதே முறையைப் பொருத்திப் பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். பொருத்தலாம், ஆனால் எந்தக் கேள்விக்கு என்பதைத் தெரிந்து பொருத்த வேண்டும். தேரி மணலின் சிர்கான் 200 கோடி என்று காட்டும்; தேரியோ பூமியின் கணக்கில் நேற்றுப் பெய்த மழை. அந்த மேடுகளில் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றித் தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956-இல் எழுதினார்கள். மனிதன் வந்து உட்கார்ந்த மணல் அது. தேரி எப்போது குவிந்தது என்று கேட்டால், குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்பதை அளக்கும் ஒளிர்வு முறைதான் பதில். மணல் எங்கிருந்து வந்தது, மலையடிச் செம்மண்ணைக் காற்று தூக்கிவந்ததா, கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்து மன்னார் வளைகுடாவின் ஓரம் வெளியே கிடந்தபோது அங்கிருந்து ஏறியதா என்று கேட்டால், சிர்கான் கருவோடு கார்னெட்டின் வேதியியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிர்கான் மட்டும் போதாது. மலையடி மண்ணுக்கும் கடலடி மணலுக்கும் தாய் ஒரே பொதிகை என்பதால் இரண்டின் வயதுப் பட்டியலும் அக்காள் தங்கை போலத்தான் இருக்கும்.

சீவலப்பேரிப் பைகளுக்கு வருகிறேன். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, வெள்ளம் வடிந்து, புது மணல் திட்டுப் போட்ட பிறகு போக வேண்டும். நடு ஆற்றுத் திட்டின் மேல்முனையில், பெரிய கூழாங்கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிய இடத்தில் கனமானவை தங்கும். லாரித் தடம் இருக்கிற பக்கமும் படித்துறைப் பக்கமும் வேண்டாம். கட்டட வேலைக்கு வேறு ஊரில் இருந்து வந்த எம்-சாண்ட் கலந்திருக்கும். போகிறவர்கள் அரிப்பதற்கு வீட்டில் இருந்து இரண்டு அகலச் சட்டி எடுத்துப் போங்கள். வீட்டில் கேட்டு எடுத்துப் போங்கள்.